பெண்கள் இதழில் உங்கள் தொழிலோ எழுத்தோ வர வேண்டுமா? அனுப்பும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வீட்டிலிருந்தே மசாலாப் பொடி அரைத்து விற்பவர், ஆரி வேலை செய்பவர், மாடித்தோட்டம் போட்டவர், முதல் சிறுகதையை எழுதி முடித்தவர் என எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி, “பத்திரிகையில் வர யாரைப் பிடிக்கணும்?” யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு இதழை நிரப்ப வேண்டிய ஆசிரியர் குழுவுக்கு விஷயம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தும் வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை தள்ளுபடி ஆகின்றன. அனுப்பியவருக்கு என்ன வேண்டும் என்பது அவற்றில் விலாவாரியாக இருக்கும். படிக்கிற பெண்ணுக்கு அதில் என்ன கிடைக்கும் என்பது இருக்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் குறையைச் சரிசெய்வதற்காகத்தான்.

எந்த இதழ், எந்தப் பக்கம்

முதல் வேலை, இதழைக் கையில் எடுப்பது. கடைசியாக வந்த ஆறு இதழ்களையாவது புரட்டுங்கள். காசு கொடுத்து எல்லாவற்றையும் வாங்க வேண்டாம், பொது நூலகத்தின் பருவ இதழ்ப் பகுதியில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பகுதி எல்லா இதழிலும் வருகிறது, எத்தனை பக்கம், எத்தனை படம், எழுதியவர் யார். ஆறு இதழிலும் ஒரே பெயர் இருந்தால் அது ஊழியர் எழுதும் பக்கம் அல்லது தொடர். அங்கே வெளியாருக்கு இடம் கிடையாது. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால் அதுதான் உங்களுக்கான வாசல்.

வீட்டுத் தொழில், கைவினை, சமையல், அனுபவப் பகிர்வு என்றால் அவள் விகடன், குங்குமம் தோழி, குமுதம் சிநேகிதி போன்றவை பொருந்தும். விளைபொருளை மதிப்புக் கூட்டி விற்பவருக்கு 2007 முதல் வரும் பசுமை விகடன் நல்ல இடம். மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் அங்கே சரியாக உட்காரும். ஓரளவு வளர்ந்து, ஆள் வைத்து நடத்தும் நிறுவனமாக இருந்தால் நாணயம் விகடனைப் பாருங்கள். கலைமகள் (1932), அமுதசுரபி (1948) இரண்டும் இலக்கிய மாத இதழ்கள். கதையும் கட்டுரையும் அனுப்பலாம், தொழில் அறிமுகத்துக்கு அவை இடமல்ல. கல்கி குழுமத்தின் கல்கியும் மங்கையர் மலரும் 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறிவிட்டன. பழைய முகவரியை யாரோ சொல்லக் கேட்டு உறை அனுப்பாமல், இதழ் இப்போது எந்த வடிவில் வருகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

புதியவர்கள் கவனிக்கத் தவறுவது நாளிதழ் இணைப்புகளை. இந்து தமிழ் திசையின் ஞாயிறு ‘பெண் இன்று’, தினமலரின் ‘வாரமலர்’, தினமணியின் ‘மகளிர்மணி’ போன்றவை நாளிதழோடு சேர்ந்து டீக்கடை வரைக்கும் போகின்றன. உள்ளூர் வாடிக்கையாளர்தான் வேண்டும் என்றால் தனி இதழைவிட இவற்றுக்குத்தான் முதலில் அனுப்பச் சொல்வோம்.

முகவரிக்கு, இதழின் முதல் சில பக்கங்களில் ஆசிரியர் குழு விவரம் அச்சாகியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதில் ஆசிரியர் பிரிவு, விளம்பரப் பிரிவு, சந்தா பிரிவு என்று தனித்தனி மின்னஞ்சல்கள் இருக்கும். உங்கள் கடிதம் விளம்பரப் பிரிவுக்குப் போனால் பதிலாக விளம்பரக் கட்டணப் பட்டியல்தான் வரும். “காசு கொடுத்தால்தான் போடுவார்கள்” என்று பலர் நம்புவதற்கு இந்தத் தவறான முகவரியும் ஒரு காரணம்.

இன்னொரு வழி, உங்கள் மாவட்டச் செய்தியாளர். உங்கள் ஊர்ப் பக்கக் கட்டுரைகளில் எழுதியவர் பெயரும் படம் எடுத்தவர் பெயரும் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விகடன் நிறுவனம் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மாணவர் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் நடத்துகிறது. அப்படிப் பயிற்சியில் இருப்பவர்கள் தங்கள் மாவட்டத்தில் புது விஷயம் தேடிக்கொண்டே இருப்பார்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதைவிட இந்த வழி பல சமயம் சீக்கிரம் பலிக்கும், ஏனென்றால் ஆசிரியர் கூட்டத்தில் உங்கள் விஷயத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

காலம் பார்த்து அனுப்புங்கள்

கடையில் தொங்கும் இதழின் பக்கங்கள் பல வாரங்களுக்கு முன்பே முடிவானவை. இதழ் தேதிக்கு 6 முதல் 8 வாரம் முன்னதாக உங்கள் கடிதம் அங்கே இருப்பது நல்லது. தீபாவளி மலர், தீபாவளிச் சிறப்பிதழ் என்றால் ஆடி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கான மதிய உணவு டப்பா சமையல் ஏப்ரல் தொடக்கத்திலேயே போயிருக்க வேண்டும்.

பருவத் தொழில்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கூழ் வடகத்தையே எடுத்துக்கொள்வோம். மாசி முதல் வைகாசி வரை அடிக்கும் வெயிலில்தான் வேலை நடக்கும். கோடை இதழில் கட்டுரை வர வேண்டுமானால் தை பிறந்ததும் கடிதம் போக வேண்டும். ஆனால் தையில் மொட்டைமாடியில் ஒன்றும் இருக்காது. நிருபர் வந்தாலும் படம் எடுக்க முடியாது. அதனால் போன பங்குனியிலேயே நல்ல படங்கள் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஊறுகாய், பனங்கிழங்கு, கொலு பொம்மை, பொங்கல் பானை என்று ஆண்டில் சில வாரம் மட்டும் நடக்கும் எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்: இந்த ஆண்டுப் படம், அடுத்த ஆண்டுக் கட்டுரை.

உங்கள் தொழிலில் கட்டுரை எங்கே இருக்கிறது

“வீட்டு முறையில், சுத்தமாக, கலப்படம் இல்லாமல் செய்கிறோம்.” இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வருகிற கடிதங்கள் எல்லாவற்றிலும் இதே வரிதான் இருக்கும். இதை வைத்து ஆசிரியரால் ஒரு தலைப்புக்கூட எழுத முடியாது.

வாசகி கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்வது எது என்று யோசியுங்கள். 10 கிலோ பச்சரிசிக்கு எவ்வளவு வடகம் தேறும், எத்தனை நாள் வெயில் வேண்டும், பாதி காய்ந்த நேரத்தில் மழை பிடித்தால் என்ன செய்வது, முதல் 20 வாடிக்கையாளர் எப்படிக் கிடைத்தார்கள், என்ன விலை வைத்துக் கையைச் சுட்டுக்கொள்ளாமல் விற்கலாம். இப்படிக் கேள்விக்குப் பதில் இருக்கும் இடமெல்லாம் கட்டுரை இருக்கிறது. பயிற்சி கொடுப்பது, பழைய முறையை மீட்டெடுத்தது, பலர் சேர்ந்து ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வது, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை அமைத்துக் கொடுத்தது போன்றவையும் பக்கம் பிடிக்கும்.

“முறையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் செய்ய ஆரம்பித்துவிடுவார்களே” என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. படிக்கிறவர்களில் மிகச் சிலர்தான் செய்து பார்ப்பார்கள். மாடியும் நேரமும் இல்லாத மற்றவர்கள் உங்களிடம் வாங்குவார்கள். உங்கள் மசாலாவின் விகிதம் தொழில் ரகசியம் என்றால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் வேறு ஏதாவது ஒன்றை முழுமையாகக் கொடுக்க வேண்டும். எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதைப் பேட்டிக்கு முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

சான்றுகளும் சொல்லக் கூடாதவையும்

உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இல்லாமல் கடிதம் எழுத வேண்டாம். கட்டுரை அச்சாகப் போகும் நேரத்தில் இதைக் கேட்டு, இல்லை என்றால் வேறு கட்டுரையைப் போட்டுவிடுவார்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு அரசின் தளத்தில் இலவசம். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். சோப்பு, தலைமுடி எண்ணெய், முகப்பூச்சு ஆகியவற்றைத் தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அழகுசாதன உரிமம் தேவை. வீட்டில்தானே செய்கிறோம் என்று இதை விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். கட்டுரை வெளியாகிப் பலர் கண்ணில் பட்டபிறகு அது புகாராக வந்து நிற்கும்.

சத்துமாவு சர்க்கரை நோயைக் குணமாக்கும், எண்ணெய் மூட்டுவலியைப் போக்கும் என்றெல்லாம் கடிதத்திலோ லேபிளிலோ எழுதாதீர்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்குச் சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. மருந்தாகப் பயன்படும் பொருள்களுக்கு, நீரிழிவு உள்ளிட்ட நோய்களின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் லேபிளும் விளம்பரமாகவே கருதப்படும். பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 150 முதல் 200 சொல் போதும். மின்னஞ்சலின் பொருள் வரியிலேயே எந்த இதழுக்கு, என்ன விஷயம், எந்த ஊர் என்ற மூன்றும் தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

*பொருள்: கோடை இதழுக்கு – ஐந்து பெண்கள், மூன்று மொட்டைமாடி, நான்கு மாத வடகத் தொழில் (அருப்புக்கோட்டை)*

*ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம். அருப்புக்கோட்டையில் ஒரே தெருவைச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேர், மூன்று மொட்டைமாடிகளை வாடகைக்கு எடுத்து மாசி முதல் வைகாசி வரை கூழ் வடகம், மோர் மிளகாய், சுண்டை வற்றல் போடுகிறோம். வேலை நான்கு மாதம், விற்பனை ஆண்டு முழுக்க. மழையில் மாட்டிய வடகத்தைக் காப்பாற்றுவது, பூச்சி பிடிக்காமல் ஓராண்டு வைப்பது, 10,000 ரூபாய்க்குள் இந்தத் தொழிலைத் தொடங்குவது ஆகிய மூன்றையும் உங்கள் வாசகிகளுக்கு விளக்கமாகச் சொல்ல முடியும். வாடகை, கூலி, கூரியர் போக ஆளுக்கு நிற்பது எவ்வளவு என்ற கணக்கையும் தருகிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது. போன பங்குனியில் எடுத்த 8 படங்களை இணைத்துள்ளோம். மாசி பிறந்ததும் காலை 5 மணி முதல் 8 மணி வரை வேலை நடக்கும்போது நேரில் வந்து பார்க்கலாம். இதை வேறு இதழுக்கு அனுப்பவில்லை. பேச வசதியான நேரம்: மதியம் 2 முதல் 4.*

இதில் பாராட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். “உங்கள் பொன்னான இதழில்” என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். வாசகிக்குக் கிடைக்கும் மூன்று விஷயங்கள் தனியாகத் தெரிகின்றன. அவை மூன்றும் கட்டுரையின் பெட்டிச் செய்திகளாகவே ஆகக்கூடியவை. நிருபர் எப்போது வந்தால் படம் கிடைக்கும் என்பதும் இருக்கிறது. கீழே பெயர், முழு முகவரி, கைபேசி எண், விற்பனைப் பக்கம் இருந்தால் அதன் இணைப்பு ஆகியவற்றைச் சேருங்கள்.

ஒரே கடிதத்தை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். இருவரும் போட்டுவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். மூன்று வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல், பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். அதற்கும் இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், “வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்கிறோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்குப் போங்கள். தினமும் வாட்ஸ்அப்பில் “வணக்கம் மேடம், பார்த்தீங்களா” என்று கேட்டால் நல்ல விஷயம்கூடத் தள்ளிப்போகும்.

படம்: பாதிக் கட்டுரை இங்கேதான் தோற்கிறது

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். பக்கம் முழுக்க, அதாவது ஏறக்குறைய 8 அங்குல அகலத்துக்கு ஒரு படம் வர வேண்டுமானால் அகலம் 2,400 புள்ளிகளாவது இருக்க வேண்டும். இன்றைய கைபேசிகள் இதைவிடப் பெரிதாகவே எடுக்கின்றன. கெடுவது அனுப்பும்போதுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளமான பக்கம் 1,600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதை 300-ஆல் வகுத்தால் 5 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. அரைப் பக்கத்துக்குத்தான் தேறும். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். அந்த இணைப்பை யார் வேண்டுமானாலும் திறக்கும்படி அனுமதி மாற்றினீர்களா என்று வேறு ஒருவரின் கைபேசியில் திறந்து பாருங்கள். முகநூலிலிருந்து திரும்ப எடுத்த படம், ஸ்கிரீன்ஷாட், தேதி அச்சான படம், பூ வைத்த ஃபில்டர் படம் எதுவும் வேண்டாம்.

என்னென்ன எடுப்பது? வேலை நடக்கும்போது உங்கள் முகமும் கையும் சேர்ந்து தெரிய இரண்டு. கை மட்டும் நெருக்கமாக இரண்டு: துணியில் கரண்டியால் கூழை ஊற்றுவது, காய்ந்த வடகத்தைத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பது. பொருள் மட்டும் வெளிர் நிறத் துணியின்மேல் இரண்டு. இடம் முழுதும் தெரிய ஒன்று, குழுவாக ஒன்று. ஒவ்வொன்றையும் நெட்டுவாக்கிலும் கிடைவாக்கிலும் எடுத்து வையுங்கள், வடிவமைப்பாளருக்கு எது பொருந்தும் என்று உங்களுக்குத் தெரியாது. படத்தின் மேல்பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் தலைப்பை அங்கே போட முடியும். காலை 7 முதல் 9 மணி வெளிச்சம், அல்லது சன்னலோரம். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். வெள்ளை வடகம் வெளுத்துப்போய் வெறும் திட்டாகத் தெரியும். திரையில் வடகத்தின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எடுத்தால் அதன் சொரசொரப்பு பதியும்.

படத்தில் இருக்கும் வேலையாட்களிடம் முன்பே சம்மதம் கேளுங்கள். குழந்தைகள் படம் என்றால் பெற்றோரிடம். ஸ்டூடியோக்காரர் எடுத்த படமாக இருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர் பெயரைப் படத்தோடு அனுப்புங்கள்.

நிருபர் வருகிறார்

பேட்டிக்கு முன் ஒரு தாளில் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொழில் கட்டுரைகளுக்கு “மாதம் ஒரு லட்சம் வருமானம்” போன்ற தலைப்பு வைக்கும் வழக்கம் உண்டு. நீங்கள் விற்பனைத் தொகையைச் சொல்ல, அது லாபமாக அச்சாகிவிடும். உதாரணமாக மாத விற்பனை 90,000 ரூபாய் என்றால்: மூலப்பொருள் 38,000, கூலி 16,000, பொட்டலம் 7,000, கூரியர் 6,000, எரிவாயு, மின்சாரம் 3,000. மொத்தச் செலவு 70,000. கையில் நிற்பது 20,000. இந்த 20,000 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தத் தாளையே நிருபரிடம் கொடுத்துவிடுங்கள். தவறான எண் அச்சாகிவிட்டால் உறவினர் கடன் கேட்பதில் தொடங்கி, அதை நம்பித் தாலிச் சங்கிலியை அடகு வைத்துத் தொழிலில் இறங்கும் ஒரு வாசகி வரைக்கும் அதன் விளைவு போகும். உங்கள் சொந்த உழைப்புக்கு கூலி போட்டீர்களா, இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நஷ்டப்பட்ட காலத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். ஒரு சரக்கு ஏன் கெட்டுப்போனது, எதைச் சரிசெய்தீர்கள் என்பது படிப்பவருக்கு வெற்றிக் கதையைவிடப் பயன்படும்.

அச்சுக்கு முன் கட்டுரையைக் காட்டச் சொல்லிக் கேட்பது பத்திரிகை வழக்கமில்லை. ஆனால் பெயர், ஊர், கைபேசி எண், விலை, அளவுகள் ஆகியவற்றை மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். பொறுப்பான நிருபர் மறுக்க மாட்டார். உங்கள் பெயரின் தலைப்பெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஷண்முகப்பிரியா சண்முகப்ரியா ஆவது இப்படித்தான்.

எழுதி அனுப்புபவர்களுக்கு

பெரிய கட்டுரையில் தொடங்காமல் வாசகர் பகுதியில் தொடங்குங்கள். வீட்டுக் குறிப்பு, அனுபவம், ஒரு பக்கக் கதை. குறிப்பு என்றால் நான்கு வரி, ஒரு பக்கக் கதை என்றால் 250 முதல் 300 சொல். படத்தோடு வரும் கட்டுரைக்குப் பக்கத்துக்கு 250 முதல் 350 சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி எத்தனை பக்கம் வருகிறதோ அதற்கேற்ப எழுதுங்கள். இரண்டு பக்கப் பகுதிக்கு 1,500 சொல் அனுப்பினால், உட்கார்ந்து வெட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை.

சமையல் குறிப்பில் அளவுதான் எல்லாம். ‘கப்’ என்றால் 200 மில்லியா, 240 மில்லியா என்று முதலிலேயே சொல்லுங்கள். ‘தேவையான அளவு உப்பு’ சாம்பாருக்குப் பரவாயில்லை, வடகத்துக்கு அது குறிப்பையே கெடுத்துவிடும். கூழை ருசி பார்த்து உப்பு சரியாக இருக்கும்படி போட்டால், தண்ணீர் வற்றிக் காய்ந்தபிறகு அதே வடகம் கரிக்கும். கூழாக இருக்கும்போது உப்பு குறைவாகத் தெரிய வேண்டும் என்பதை எழுதினால்தான் புதிதாகப் போடுபவருக்கு வடகம் சரியாக வரும். இப்படி ஒவ்வொரு பண்டத்திலும் ஓர் இடம் இருக்கும். அதைச் சொல்லும் குறிப்பு ஆசிரியரின் கண்ணில் உடனே படும், ஏனென்றால் நெட்டிலிருந்து எடுத்து எழுதுபவருக்கு அது தெரியாது. அனுப்பும் முன் குறிப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, நீங்கள் கூட நிற்காமல் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே வந்து சந்தேகம் கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும், வேர்டு கோப்பாக. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் அவர்கள் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியக்கூடும். பிடிஎஃப் ஆக அனுப்பினால் அதிலிருந்து எழுத்தைப் பிரித்து எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறும். கைபேசியில் குரல் வழியாகத் தட்டச்சு செய்பவர்கள் ஒற்று மிகும் இடங்களையும் ன, ண, ல, ள, ழ வேறுபாட்டையும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும். கையால் எழுதுவதாக இருந்தால் தாளின் ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு, பக்க எண் போட்டு எழுதுங்கள். ஜெராக்ஸ் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். திரும்ப வேண்டுமென்றால் தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையை உடன் வையுங்கள்.

கதை, கட்டுரை எதுவானாலும் கீழே ஓர் உறுதிமொழி வேண்டும்: “இது என் சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல. அச்சிலோ இணையத்திலோ முகநூலிலோ இதற்கு முன் வெளியாகவில்லை. வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை.” கையெழுத்து, தேதி. முகநூலில் போட்டு நூறு லைக் வாங்கிய கதை ‘வெளியான படைப்பு’தான். அதை எடுத்துவிட்டு அனுப்பினாலும் படித்தவர் ஒருவர் இதழுக்கு எழுதுவார், அதன்பின் உங்கள் பெயரைப் பார்த்தாலே ஒதுக்குவார்கள்.

கதைக்குப் பதில் வர மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை அடுத்ததை எழுதுங்கள்.

சன்மானம் உண்டா, எவ்வளவு என்று ஏற்றுக்கொண்டதும் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கு விவரமும் பான் எண்ணும் கேட்டால் அனுப்புங்கள். சன்மானம் வாங்கியதாலேயே படைப்பின் உரிமை முழுதும் கைமாறிவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; எத்தனை ஆண்டு என்று அதில் சொல்லவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்று எடுத்துக்கொள்ளப்படும். பின்னால் கதைகளைத் தொகுத்து நூலாகப் போட நினைப்பவர், கையெழுத்துப் போடும் தாளில் ‘எல்லா உரிமைகளும், நிரந்தரமாக’ என்று இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

பணம் கேட்டால்

கட்டுரைப் பக்கத்துக்கு ஆசிரியர் பிரிவு பணம் வாங்காது. விளம்பரப் பிரிவு விற்கும் ‘அட்வர்டோரியல்’ என்பது கட்டுரை வடிவில் இருக்கும் விளம்பரம். அது தவறில்லை; ஆனால் அது விளம்பரம் என்று தெரியும்படி அச்சாக வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறி. எதற்குப் பணம் கட்டுகிறோம், எத்தனை பக்கம், எந்த இதழ், எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே கட்டுங்கள். தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு “ஃபீச்சர் சார்ஜ்” அனுப்பச் சொன்னால் இதழின் அலுவலகத்தைக் கூப்பிட்டு விசாரியுங்கள். “சாதனைப் பெண்மணி விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று வரும் அழைப்புகளையும் இதே கண்ணோடு பாருங்கள். அந்தத் தொகைக்குப் பொட்டலத்துக்குச் சீல் போடும் ஒரு நல்ல இயந்திரம் வாங்கலாம்.

இதழ் வந்த பிறகு

கட்டுரையின் கடைசியில் ‘தொடர்புக்கு’ என்று உங்கள் எண் அச்சாகும். அன்று காலையிலிருந்தே கூப்பிட ஆரம்பிப்பார்கள். முதல் நான்கைந்து நாள் சாப்பிடக்கூட விடாத அளவுக்கு அழைப்பு வரலாம், பிறகும் பல மாதங்கள் சிதறலாக வந்துகொண்டிருக்கும். பல் டாக்டர் வரவேற்பறையில் பழைய இதழைப் புரட்டியவர்கூடக் கூப்பிடுவார். வீட்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். புது சிம் ஒன்று வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, விலைப்பட்டியல், கூரியர் கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் ஆகிய மூன்றும் தானாகப் பதிலாகப் போகும்படி அமையுங்கள். எண்ணுக்குக் கீழே ‘காலை 10 முதல் மாலை 5 வரை’ என்று சேர்த்துப் போடச் சொல்லி நிருபரிடம் கேளுங்கள்.

சரக்கு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள். கட்டுரை வந்த வேகத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு மூன்று வாரமாகியும் அனுப்ப முடியாமல் போனவர்களைப் பற்றி இதழுக்கே புகார் போகும். “இருப்பு முடிந்தது, அடுத்த ஈடு இன்ன தேதிக்கு” என்று சொல்லி, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டால் மக்கள் காத்திருப்பார்கள். கூப்பிடுபவர்களில் கணிசமானவர்கள் வாங்க வருவதில்லை. சொல்லித் தர முடியுமா என்று கேட்பார்கள். பயிற்சி தருவதாக இருந்தால் நாள், கட்டணம், எத்தனை பேர் என்பதை முன்பே முடிவு செய்து வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் போனிலேயே பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

அச்சில் எண் தவறாக வந்திருந்தால் அன்றே ஆசிரியர் பிரிவுக்கு இதழ் தேதி, பக்க எண், தவறான எண், சரியான எண் நான்கையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். இணையப் பதிப்பில் உடனே மாற்றிவிடுவார்கள், அச்சில் அடுத்த இதழில் திருத்தம் வரும். அந்தத் தவறான எண் யாருடையதோ அவரைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் உங்கள் எண்ணைச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உதவுவார்கள்.

உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த இதழ் வந்ததும் கடைக்காரர் பழையதைத் திருப்பி அனுப்பிவிடுவார், அதற்குள் ஐந்து பிரதியாவது வாங்கி வையுங்கள். ஒன்றை வங்கிக் கடன் விண்ணப்பத்தோடு வைக்கலாம், ஒன்று கண்காட்சி ஸ்டாலில் லேமினேட் செய்து மாட்ட. பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்து உங்கள் வலைதளத்தில் போடுவதற்கு இதழிடம் அனுமதி கேளுங்கள். அட்டைப் படமும் இணையக் கட்டுரையின் இணைப்பும் மட்டும் பகிர்வதாக இருந்தால் சிக்கல் இல்லை.

நிருபருக்கு ஒரு மாதம் கழித்து எழுதுங்கள்: எத்தனை அழைப்பு வந்தது, எந்த ஊரிலிருந்து அதிகம், வாசகிகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி என்ன. அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருக்கு அடுத்த கட்டுரை கிடைக்கும், அதற்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்.